குளிருக்கு அனுப்பிய புத்தகங்கள்

6 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இசக்கிப்பாண்டி எழுதுகிறேன். இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தவறவில்லை என்று எனக்குத் தெரியும். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு உன்னைக் கூப்பிட்டு, "எக்கா, இமாசலத்துல வேல கெடச்சிருக்கு, வர ஏழெட்டு மாசம் ஆவும்" என்று சொன்னவனுக்கு யார் பதில் போடுவார்கள்? நீ அன்று திட்டவில்லை. "அம்மாவுக்குக் கஞ்சி ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். கொல்லம் தாண்டும் வரை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இங்கே மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடுகிறார்கள். பனிக்காலத்தில் குடைகிற வேலை நின்றுவிடும். ஆனால் உள்ளே ஊற்றுத் தண்ணீர் நிற்காது. அதை இறைக்கிற பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாலும் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். கழக்கூட்டத்தில் ஃப்ளாட்டுகளுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது நான் பார்த்த அதே பம்ப் வேலைதான். குளிர்தான் கூடுதல். மாதக் கடைசியில் எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். பம்புக்காக ஒன்பது பேர் மட்டும் இருப்போம். தமிழ் பேச எனக்கு இரண்டு பேர் உண்டு: சங்கரன்கோவில் பிச்சைக்கனி அண்ணன், மார்த்தாண்டம் ஜெபசிங்.

போன் சிக்னல் கிடையாது. ஆபீசில் ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது. ஆபத்து அவசரத்துக்கு மட்டும்தான் தருவார்கள். அந்த நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். கோபப்படாதே. நாலு மணி நேரம் பம்ப், பிறகு எட்டு மணி நேரம் தகரக் கொட்டகையில் டின் அடுப்பைச் சுற்றி உட்காருவதுதான் எங்கள் பாடு. போனில் இருந்த மூன்று சினிமாவையும் வசனம் மனப்பாடமாகும் வரை பார்த்தாகிவிட்டது. ஜெபசிங்கின் வீட்டிலிருந்து முறுக்கு சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரை, வரன் தேடும் விளம்பரம் உட்பட, மாற்றி மாற்றிப் படித்தோம். குளிர்காலத்தில் படிக்கிற மாதிரி கொஞ்சம் புத்தகம் அனுப்புவாயா? டிசம்பர் தொடக்கத்தில் ரோடு மூடிவிடும். அதற்குப் பிறகு வானம் தெளிந்தால் ஹெலிகாப்டரில்தான் காய்கறியும் தபாலும் வரும்.

அம்மா எப்படி இருக்கிறாள்? கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் தம்பி,
இசக்கிப்பாண்டி


20 நவம்பர் 2024
மணக்காடு, திருவனந்தபுரம்

இசக்கிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முந்தின இரண்டும் கிடைத்தன. பொழுது போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் போவதற்குப் பொழுதே இல்லை.

காலையில் எழுந்து அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, ஒன்பது மணிக்குச் சாலை பஜாரில் ஜவுளிக்கடையில் நிற்க வேண்டும். நிற்பதுதான். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை என்று முதலாளி நினைக்கிறார். மத்தியானம் ஒரு மணி நேரம் விடுகிறார்கள். வெயிலில் நடந்து வந்து மறுபடி கஞ்சி. மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டுச் சபீனா எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு நாம் யார்? அவள் கடையநல்லூரிலிருந்து இங்கே வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. ஆனால் ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் வரவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். "முழுங்கும்மா, முழுங்கும்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு கிண்ணம் இறங்க ஒரு மணி நேரம். நீ இருந்தபோது ஒரு வேளையாவது மாற்றிக் கொடுப்பாய். இப்போது மூன்று வேளையும் நானே.

புத்தகம் அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனபோது பாளையத்தில் பழைய புத்தகம் விற்கிற வரிசையில் கால் நின்றுவிட்டது. தமிழில் குளிர்காலத்துக்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரன் சிரித்தான். "தமிழ் குறச்சே உள்ளூ சேச்சி. பின்னெ, இவிடெ எவிடெயா குளிரு?" என்றான். இந்த ஊரில் ஏது குளிர் என்று எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு. அவன் ஒரு மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்ததில் ஐந்தை எடுத்தேன். எது நல்லது என்று எனக்குத் தெரியாது. பனி தேசத்துக் கதை ஒன்று இருந்தது, உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எடுத்தேன். பாலைவனத்தில் ஒட்டகத்தில் போனவர் எழுதியது ஒன்று. சமையல் புத்தகம் ஒன்று. மாட்டுக்கு வரும் நோய்களும் மருந்தும் என்று ஒன்று. அதை அவனே இலவசமாகத் தந்தான். ஐந்தாவது, அட்டை கிழிந்த பெரிய நாவல். முதல் பாகம் மட்டும்தான் கிடைத்தது. கனமாக இருந்ததால் எடுத்தேன். கனமாக இருந்தால் நாள் ஓடும் இல்லையா?

கால் வலிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

உலகம்மாள்


16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரோடு மூடுவதற்கு முன் வந்த கடைசி லாரியில் உன் பார்சல் வந்துவிட்டது. சேலை உறைக்குள் நீ பொதிந்து வைத்திருந்ததால் ஒரு தாள் கூட நனையவில்லை. பிரித்தபோது கடையின் புதுத்துணி வாசனை வந்தது. ஜெபசிங் புத்தகத்தை விட்டுவிட்டு அந்த உறையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். பனி தேசத்துக் கதையை முதலில் எடுத்தோம். இரண்டு பக்கம் போனதும் பிச்சைக்கனி அண்ணன், "நிப்பாட்டுடே. பனிதான் வெளிய வேண்டிய மட்டும் கெடக்கே, அத எதுக்குக் காசு குடுத்துப் படிக்கணும்?" என்றார். அது அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் கிடக்கிறது. ஒருவரும் தொடவில்லை. பாலைவனப் புத்தகம் நன்றாக இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் எழுதியவர் ராத்திரி ஆனால் அங்கேயும் குளிர் என்கிறார். ஜெபசிங்குக்குக் கோபம் வந்துவிட்டது.

சமையல் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கென்று ஒதுக்கிவிட்டோம். இங்கே தினமும் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். ரொட்டியைப் பிய்க்கும்போது நான் ஒரு குழம்பு வாசிப்பேன். "நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம்" என்று வரும்போது எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். மாட்டு நோய்ப் புத்தகம் பிச்சைக்கனி அண்ணனுக்கு. அவர் ஒரு காலத்தில் ஆறு மாடு வைத்திருந்தவர். வரிக்கு வரி எதிர்வாதம் செய்கிறார். "இவன் மாட்டப் பாத்திருக்கானா இல்லையா?" என்று என்னைக் கேட்கிறார், நான்தான் எழுதினேன் என்பது போல.

ஆனால் எல்லாவற்றையும் விட அந்த அட்டை கிழிந்த நாவல்தான், எக்கா. பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் கதை. அண்ணன் தம்பி சண்டை, வழக்கு, கல்யாணம் எல்லாம் உண்டு. ஆனால் எங்களுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அதில் எப்போதும் வெயில் அடிக்கிறது. பக்கத்துக்கு ஒரு தடவையாவது யாராவது துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார்கள். தினம் இருபது பக்கம்தான் வாசிப்பேன், தீர்ந்துவிடக் கூடாது என்று. தமிழ் தெரியாத ஜார்க்கண்ட் ஆள் ஒருவர் தினமும் வந்து உட்காருகிறார். என்ன புரிகிறது என்று கேட்டேன். குரல் போதும் என்றார். இரண்டாம் பாகம் எங்கேயாவது கிடைக்குமா?

ஒரு யோசனை. அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டேன். கேட்கிற சக்தி அவளுக்குப் போகவில்லை அல்லவா?

கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துப் பார்.

உன் தம்பி,
இசக்கிப்பாண்டி


5 ஜனவரி 2025
மணக்காடு

இசக்கிக்கு,

அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இன்னொரு வேலை சொல்கிறாய். போன வாரம் கடையில் சேலை அடுக்குக்குப் பின்னால் நின்றபடியே தூங்கிவிட்டேன். விழாமல் நின்றதுதான் ஆச்சரியம்.

பிறகு நடந்ததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். பாளையத்துக் கடைக்காரன் இரண்டாம் பாகத்தை எடுத்து வைத்திருந்தான். எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறான். "சேச்சிக்கு வேண்டி மாற்றி வச்சதா" என்றான். வீட்டுக்குக் கொண்டு வந்து, அம்மாவின் வாயில் ஒரு ஸ்பூன் கஞ்சியை வைத்துவிட்டு, அது இறங்கக் காத்திருந்த நேரத்தில் சும்மா பிரித்தேன். வாய்விட்டு நாலு வரி படித்தேன். யாருக்காகவும் இல்லை. எனக்கு வாசிப்பு விட்டுப்போய் இருபது வருடம் ஆகிறது, எழுத்து கூடுகிறதா என்று பார்க்கத்தான். டபக் என்று ஒரு சத்தம். அம்மா விழுங்கியிருந்தாள்.

அடுத்த ஸ்பூன் வைத்தேன். படிக்காமல் இருந்தேன். கன்னத்திலேயே அடக்கிக்கொண்டாள். படித்தேன். விழுங்கினாள். கதை கேட்கிற கவனத்தில் வாயில் இருப்பதை மறந்து விழுங்குகிறாள் என்று சபீனா சொல்கிறாள். இப்போது அரை மணியில் கிண்ணம் காலி. சபீனாவும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். அரிசி புடைத்துக்கொண்டே கேட்கிறாள். மூத்த மருமகள் சாவிக்கொத்தைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் போட்ட இடத்தில் அம்மா "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சபீனா, "உலகம்மாக்கா, அம்மைக்கி அந்த மருமகளப் பிடிக்கல, அல்லே?" என்று சிரித்தாள். அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. அதுவும் சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

இதற்காக உனக்கு நான் நன்றி சொல்லவில்லை. நீ இருந்து வாசித்திருக்க வேண்டும்.

இன்னும் நூற்றெண்பது பக்கம் பாக்கி. முடித்துவிட்டு அனுப்புகிறேன். உன் பிச்சைக்கனி அண்ணன் அதுவரை மாட்டோடு சண்டை போடட்டும்.

உலகம்மாள்


3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜனவரி கடிதம் போன வாரம் ஹெலிகாப்டரில் வந்தது. அம்மா விழுங்கிய இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பிச்சைக்கனி அண்ணனுக்கும் ஜெபசிங்குக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நாவல விட இது நல்லா இருக்கு மக்கா" என்றான் ஜெபசிங்.

இரண்டாம் பாகத்துக்கு அவசரம் இல்லை. அம்மாவுக்கு முழுவதும் வாசித்து முடித்த பிறகே அனுப்பு. ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போதும். நிதானமாகப் போகட்டும். பதில் கடிதமும் உடனே எழுத வேண்டாம். பனி பலமாக இருக்கிறது. தபால் எங்கேயாவது தேங்கிக் கிடக்கும். மெதுவாக எழுது.

இரண்டாம் பாகம் வரும் வரை நாங்களே கதையை நடத்துகிறோம். வழக்கில் தம்பிதான் ஜெயிப்பான் என்கிறான் ஜெபசிங். வழக்கே நடக்காது, இரண்டு பேரும் தாய்க் கிழவியின் சாவில் சேர்ந்துவிடுவார்கள் என்கிறார் பிச்சைக்கனி அண்ணன். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிழவி சாகமாட்டாள் என்று சொல்லிச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக என் பம்ப் முறையையும் அவரே பார்க்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. விரல் நுனி கொஞ்சம் மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மெதுவாக எழுது.

உன் தம்பி,
இசக்கிப்பாண்டி


8 பிப்ரவரி 2025
மணக்காடு

இசக்கிக்கு,

உன்னிடமிருந்து இந்த மாதம் கடிதம் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இதை எழுதியாக வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மா இல்லை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

கடை லீவு. அவசரம் இல்லாமல் உட்கார்ந்து வாசித்தேன். நாலு ஸ்பூன் இறங்கியது. ஐந்தாவது ஸ்பூனை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டே போனேன். கடையில் பருத்தி மூட்டை பற்றிக்கொண்டு எரிகிற இடம். அரைப் பக்கம் படித்திருப்பேன். விழுங்கின சத்தம் கேட்கவில்லை என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரைப் பக்கத்தை யாருக்குப் படித்தேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சபீனாவின் வீட்டுக்காரர்தான் ஓடியாடி எல்லாம் பார்த்தார். டாக்டர் வந்தார், மூச்சுக்குழலில் ஒன்றும் அடைக்கவில்லை, இதயம் தானாக நின்றிருக்கிறது என்று சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். தைக்காட்டு மின் மயானத்துக்குக் கொண்டுபோனோம். மகன் எங்கே என்று கேட்டார்கள். வேலையில் இருக்கிறான் என்றேன். நானே கற்பூரம் ஏற்றினேன்.

மறுநாள் நீ கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டேன். யாரோ இந்தியில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இசக்கிப்பாண்டி" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆள் போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே உன் பேர் கேட்டது. அப்போது வைத்துவிட்டேன்.

உன் மனசு நோகும் என்று வைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பாதிதான். பாதை மூடிக் கிடக்கிறது, உன்னால் வர முடியாது, தெரிந்து என்ன செய்வாய் என்று நினைத்தது உண்மை. ஆனால் கோபமும் இருந்தது, இசக்கி. அவளை விட்டுவிட்டுப் போனவனுக்கு அவள் போன செய்தியை ஏன் உடனே கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இருபது நாள் அப்படி வைத்திருந்தேன். அதில் ஒரு சுகமும் இல்லை.

இரண்டாம் பாகத்தை இத்துடன் அனுப்புகிறேன். என்னால் மேலே படிக்க முடியவில்லை.

அக்கா


1 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதமும் புத்தகமும் நாலு நாளைக்கு முன் வந்தன. புத்தகத்தைப் பிச்சைக்கனி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் மற்றவர்களுக்கு வாசிக்கிறார். அந்த நேரத்துக்கு நான் பம்ப் பார்க்கப் போய்விடுகிறேன்.

நீ எழுதியது எனக்குப் புதுச் செய்தி இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜனவரி இருபதாம் தேதி ஆபீஸ்காரர் கூப்பிட்ட சத்தம் கேட்டு முழங்கால் வரை பனியில் ஓடினேன். ரிசீவரை எடுத்தபோது லைன் இல்லை. யார் என்று கேட்டேன். ஒரு பொம்பளை, என் பேரை மட்டும் சொன்னாள் என்றார். அழுதாளா என்று கேட்டேன். இல்லை என்றார். நீ அழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. திரும்ப உன்னைக் கூப்பிடலாம் என்று அவரே சொன்னார். "வேண்டாம், கடிதம் வரும்" என்றேன்.

கடிதம் வராத வரை அம்மா இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். அதனால்தான் மெதுவாக எழுது என்று உனக்கு எழுதினேன். பிச்சைக்கனி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் இரண்டு நாள் என் வேலையைப் பார்த்தார். ஆகவே நீ மறைத்தாய் என்று நான் உன்னைக் கேட்க முடியாது.

நான் ஏன் வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இனிமேல் எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். ஓணத்துக்கு முந்தின வாரம் உனக்குக் கடையில் கூட்டம். நான் வேலைக்குப் போகாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? மத்தியானத்துக்குள் மூன்று தடவை துணி மாற்றினேன். கஞ்சியை என் சட்டையில் துப்பினாள். நான் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். கதவை வெளியே பூட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அவள் "ங்ஆ, ங்ஆ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்டது. போகவில்லை. ஒரு மணி நேரம், சத்தம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். நின்றதும் பயந்து ஓடிப் போய்த் திறந்தேன். என்னைப் பார்த்து வாயைக் கோணினாள். சிரிப்புதான் என்று நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி.

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் கையைப் பார்த்தே பயமாக இருந்தது. இன்னொரு நாள் என்ன செய்வேனோ என்று. அந்த மாதம் கழக்கூட்டத்தில் ஆள் எடுக்க ஒருவர் வந்தார். எங்கே என்று கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் ரோடு திறக்கும். வந்துவிடுகிறேன். நீ முகத்தில் முழிக்காதே என்று சொன்னால் சபீனா வீட்டு வாசலிலாவது நின்று ஒரு தடவை அம்மா படுத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இசக்கிப்பாண்டி


18 மார்ச் 2025
மணக்காடு

தம்பி இசக்கிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன். முதலாளி பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்காக மலை ஏறிப் போனாயா? நான் நான்கு தடவை பூட்டியிருக்கிறேன். ஒரு தடவை அட்டக்குளங்கரை பஸ் ஸ்டாப் வரை போய் உட்கார்ந்திருந்தேன். நாகர்கோவில் பஸ் மூன்று போனது. இன்னொரு தடவை அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "எப்பம்மா போவ? என்னைய எப்ப விடுவ?" என்று கேட்டிருக்கிறேன். சபீனாவுக்கு அது கேட்டிருக்கும். அன்று அவள் ஒரு தட்டில் அரிசி மாவுப் பத்திரி கொண்டு வந்து வைத்தாள். இதையெல்லாம் நான் உன்னிடம் சொல்லவில்லை, நீயும் என்னிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருடம் கஞ்சி ஆறுகிறது, துணி காயவில்லை என்பதைத் தவிர நாம் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. நீ ரயிலில் ஏறினாய். இரண்டும் ஒன்றில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் ஆற்றுகால் பொங்காலை. நமக்கு இந்த வருடம் துக்கம், அடுப்பு வைக்கக் கூடாது. வெளியூர்ப் பெண்கள் வழக்கம்போலப் பொங்கல் வைக்க நம் வாசலில் செங்கல்லை அடுக்கிக்கொண்டார்கள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கப் புகை. நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, "மோளே, நீ ஒந்நு இரிக்கு. நின்னெக் கண்டால் தளர்ந்து வீழும் போலெ உண்டு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். யாரோ தெரியாதவர். உட்கார்ந்தேன். புகையில் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்ததால் என்னை ஒருவரும் தனியாகப் பார்க்கவில்லை. அம்மா போனபிறகு அன்றுதான் அழுதேன்.

வீட்டுக்குள் வந்து பார்த்தால் மணி மூன்று. யாருக்கும் கஞ்சி கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் என்னால் படுக்க முடியவில்லை. கால் தானாக அடுப்படிக்குப் போகிறது. கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. தூக்கம் வந்த பாடில்லை. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார், அதற்கும் வரவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

அதனால் நீ இங்கே வர வேண்டாம். நான் வருகிறேன். முதலாளியிடம் மே மாதம் பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. "எங்க போற உலகம்மா?" என்றார். குளிர் இருக்கிற இடத்துக்கு என்றேன். சபீனாவின் வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுத் தருகிறார். மலைக்குக் கீழே பஸ் வந்து நிற்கிற ஊர் எது, அங்கே மே மாதத்திலும் கம்பளி வேண்டுமா, தங்க ஒரு அறை கிடைக்குமா என்று விசாரித்து எழுது. சமைக்கிற இடம் உள்ள அறை வேண்டாம். பிச்சைக்கனி அண்ணனிடமும் ஜெபசிங்கிடமும் நான் நலம் கேட்டதாகச் சொல்.

படிக்க எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன். பாளையத்துக் கடைக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பெரிதாக, எழுத்து கொஞ்சம் பருமனாக இருக்கட்டும் என்று. அதைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. நீ ஸ்டேஷனுக்கோ பஸ்ஸுக்கோ வந்து பையை வாங்கிக்கொள், அறையைக் காட்டு, ஒரு கம்பளி கூடுதலாகக் கொடு. பேச வேண்டியதை மூன்றாம் நாளிலிருந்து பேசலாம். முதல் இரண்டு நாள் என்னை யாரும் எழுப்ப வேண்டாம்.

உன் அக்கா,
உலகம்மாள்